அந்த மாவுருண்டையை யார் சாப்பிட்டது?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்தில் சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கிறேன். போலீஸ், சிறைக் காவலர், தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே தேர்வுதான். எனக்குச் சிறைத் துறைதான் பிடித்திருக்கிறது. பந்தோபஸ்து என்று ஊர் ஊராக அலைய வேண்டாம், ஷிஃப்ட் முறையில் ஒரே இடத்தில் வேலை. ஆனால் அம்மா, "ஜெயில்ல வேலை பாக்குறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்" என்கிறார். அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவர் எதுவும் சொல்வதில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. என் சித்தப்பா வரப்புத் தகராறில் நடந்த கொலை வழக்கில் ஆயுள் தண்டனை ஆகி, ஆறு வருடமாக மதுரை மத்திய சிறையில் இருக்கிறார். இதனால் எனக்கு வேலை கிடைக்காமல் போகுமா? பார்க்கப் போனால் பெயர் பதிவாகிவிடும் என்று கூடப் படிக்கிற ஒருவன் சொன்னான். அதனால் நான் போனதில்லை. அப்பத்தா மட்டும் மாதம் ஒரு தடவை போகும், நான்தான் பஸ் ஏற்றிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் மாவுருண்டை பிடித்துக்கொண்டு போகும். உள்ளே விட மாட்டார்கள். திரும்பக் கொண்டுவந்துவிடும், நாங்கள் சாப்பிட்டுவிடுவோம். விண்ணப்பத்தில் சிறைத் துறைக்கு முதல் விருப்பம் கொடுக்கலாமா?

— பெயர் வேண்டாம், காரைக்குடி அருகில் ஒரு கிராமம்

பதில்: தம்பி, உன் கடிதத்தில் கேள்விக்குறி போட்ட இடம் இரண்டு. இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் கேள்விக்குறி போடாமல் நீ தாண்டிப்போன ஒரு வரி இருக்கிறது. "திரும்பக் கொண்டுவந்துவிடும், நாங்கள் சாப்பிட்டுவிடுவோம்." அந்த வரியில்தான் எனக்கு வேலை இருக்கிறது.

முதலில் நீ கேட்டதை முடித்துவிடுகிறேன்.

உன் சித்தப்பா செய்த குற்றத்துக்கு நீ பிணை இல்லை. வேலைக்கு எடுக்கும் முன் போலீஸ் விசாரிக்கும். உன் மேல் வழக்கு இருந்ததா, இருக்கிறதா, எப்படி முடிந்தது என்று பார்க்கும். உன் பெயரில் சின்ன அடிதடி வழக்கு ஒன்று இருந்தால்கூட மறைக்காமல் எழுது. வழக்கைவிட அதை மறைத்ததுதான் பல பையன்களின் வேலையைத் தின்றிருக்கிறது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்த மறைப்பு விவகாரத்தைத்தான் விரிவாகப் பேசியது. முடிந்தால் தேடிப் படி. சித்தப்பாவைப் பார்க்கப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கு ஆகாது. கூடப் படிக்கிற ஒருவன் சொன்னான் என்கிறாய். அவன் சொன்னதை மையத்தில் பாடம் எடுக்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீ கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தேர்வு விவரமெல்லாம் உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். பி.காம். படித்தவன் தமிழ்தானே என்று அசட்டையாக இருந்து அங்கேயே கவிழ்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். முக்கியமாக ஒன்று: சிறைத் துறைக்கு இடம் எப்போதும் கொஞ்சம்தான். 2023 அறிவிப்பில் மொத்தம் 3,359 இடங்கள், அதில் சிறைக் காவலர் 86. அதனால் முதல் விருப்பம் கொடுத்துவிட்டால் கிடைத்துவிடும் என்று கோட்டை கட்டாதே. நீ பட்டதாரி என்பதால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி ஜெயிலர் பதவிக்கும் முயலலாம். அதையும் கண்ணில் வைத்துக்கொள்.

பெண் கிடைக்குமா என்ற உன் அம்மாவின் கவலைக்கு நான் மண்டையை உடைத்துக்கொள்ள மாட்டேன். 18,200-ல் தொடங்கி 67,100 வரை போகிற அரசாங்கச் சம்பளம். நம் பக்கத்தில் அதற்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று சொன்ன வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் பெண் பார்க்கப் போகிற முதல் நாளே சித்தப்பா எங்கே இருக்கிறார் என்று அந்த வீட்டில் சொல்லிவிட வேண்டும். தட்டு மாற்றிய பிறகு அவர்கள் அடுத்தவர் வாயால் கேட்டால், அந்தப் பெண் காலத்துக்கும் உன்னை நம்ப மாட்டாள்.

சரி. இப்போது மாவுருண்டை.

உன் அப்பத்தாவுக்கு என்ன வயது என்று நீ எழுதவில்லை. 24 வயதுப் பேரன் இருக்கிறான் என்றால் எழுபதை ஒட்டித்தான் இருக்கும். மாவுருண்டை எப்படிச் செய்வது என்று உனக்குத் தெரியுமா? பாசிப்பருப்பை வாசம் வருகிற வரை, கருகாமல், கிட்டவே நின்று வறுக்க வேண்டும். அரைத்துச் சலிக்க வேண்டும். சீனியைப் பொடிக்க வேண்டும். நெய்யைக் காயவைத்துச் சூட்டோடு ஊற்றி, அந்தச் சூடு இருக்கும்போதே உருண்டை பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிர்ந்துபோகும். அதனால் இளங்கை சுடச்சுடப் பிடிக்கும். வயதானவர்கள் நடுவில் கையை உதறி உதறிப் பிடிப்பார்கள். மாதம் ஒரு தடவை என்றால் ஆறு வருடத்தில் 72 தடவை. 72 தடவை அந்த மனுஷி கையைச் சுட்டுக்கொண்டு உருண்டை பிடித்திருக்கிறார். உள்ளே விட மாட்டார்கள் என்று இரண்டாவது தடவையே அவருக்குத் தெரியும். அப்புறமும் ஏன் செய்கிறார்? புத்தி கெட்டுப் போயா?

கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மகனிடம், "மாவுருண்டை கொண்டாந்தேன்டா, விட மாட்டேங்கிறாக" என்று சொல்வதற்காகச் செய்கிறார். உருண்டை உள்ளே போகாது, இந்தச் சொல் போகும். வெறுங்கையோடு போனால் இதைச் சொல்ல முடியாது. பொய்யாகச் சொல்லவும் அவருக்கு வராது. டப்பா நிஜமாகக் கையில் இருந்தாக வேண்டும்.

அந்த டப்பாவைத்தான் சாயந்திரம் நீங்கள் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறீர்கள். நெய் மணமாக இருந்திருக்கும். சாப்பிடும்போது உங்களில் யாராவது, "அவன் எப்படி இருக்கான்" என்று அப்பத்தாவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பாய். சித்தப்பா எப்படி இருக்கிறார், உடம்பு எப்படி, உள்ளே என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள், ஒன்றுமே உன் கடிதத்தில் இல்லை. சாவுச் செய்தி வந்த வீட்டில்கூடச் செத்தவரைப் பற்றி நாலு வார்த்தை பேசுவார்கள்.

"அப்பத்தா மட்டும்" என்று எழுதியிருக்கிறாய். "நான்தான் பஸ் ஏற்றிவிடுவேன்" என்றும் எழுதியிருக்கிறாய், ஏதோ பெரிய உபகாரம் மாதிரி. அந்தப் பயணம் எப்படி என்று ஒரு தரம் எண்ணிப் பார். காரைக்குடியில் ஏறினால் திருப்பத்தூர், மேலூர் வழியாக மாட்டுத்தாவணிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற புது ஜெயில் ரோட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காரைக்குடி பஸ்ஸுக்கு உண்டு. அந்தக் காசு யாருடையது? முதியோர் பென்ஷனா? அப்புறம் மனு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் என்றால் வரிசையில் நிற்கிற யாரையாவது, "ஐயா, இதைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்று கேட்க வேண்டும். வீட்டில் பி.காம். படித்த பேரன் இருக்கிறான்.

இப்போது சொல்கிறேன், நீ ஏன் அந்த நண்பன் சொன்னதைச் சரிபார்க்கவில்லை என்று. அந்தப் பொய் உனக்குத் தேவைப்பட்டது. போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததும் பத்திரமாக முடிந்து வைத்துக்கொண்டாய். சட்டம் தடுக்கிறது என்று சொல்லிக்கொண்டால் வெட்கம் தடுக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டாம் அல்லவா?

உன் அப்பாவையும் நான் விடப் போவதில்லை. அடுத்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும், நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். வளவைப் பூட்டியே போட்டால் கரையான் ஏறும், வௌவால் அடையும், மழைக்கு ஓடு நகர்ந்து தேக்கு உத்தரம் நனையும். அதனால் சாவிக்கொத்தோடு போய், ஒவ்வொரு கதவாகத் திறந்து, கூட்டிப் பெருக்கி, காற்றாட விட்டுப் பூட்டி வருவார். ஆள் இல்லாத வீட்டுக்கு அவ்வளவு பொறுப்பாக இருக்கிற மனிதர், கூடப்பிறந்த தம்பியை ஆறு வருடமாகப் பூட்டியது பூட்டியபடி விட்டுவிட்டார். "எதுவும் சொல்வதில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வாய்மூடலைக் கௌரவம் என்று உன் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

உன் சித்தப்பாவுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு உயிர் போயிருக்கிறது. செத்தவர் வீட்டிலும் ஒரு தாய் இருந்திருப்பாள், அவளுக்கு மனு போட்டுப் பார்க்கக்கூட மகன் இல்லை. தண்டனை கொடுத்தது சரி. ஆனால் கோர்ட் கொடுத்தது சிறை. ஒதுக்கிவைப்பதைத் தீர்ப்பில் யாரும் எழுதவில்லை. அதை உன் வீடு தானாகச் சேர்த்துக்கொண்டது.

ஜெயில் என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் எப்போதுமே இந்த வெட்கம் இருந்ததில்லை. 1942 ஆகஸ்டில் விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையைத் திருவாடானைச் சிறையில் வைத்தபோது, சுற்றுப்பட்டுச் சனம் திரண்டுபோய்ப் பட்டப்பகலில் சிறையை உடைத்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. என் அம்மா வீட்டில் அதை நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். உன் சித்தப்பா தியாகி இல்லை, அவரை யாரும் உடைத்துக் கொண்டுவர வேண்டாம். முறைப்படி வரிசையில் நின்று பார்த்துவிட்டு வா என்றுதான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு உண்மையில் கோபம் மூட்டியது. தமிழ்நாட்டில் திறந்தவெளிச் சிறை எங்கே இருக்கிறது என்று பொது அறிவுத் தாளில் கேட்டால் நீ யோசிக்காமல் எழுதுவாய். புரசடைஉடைப்பு, சிவகங்கை மாவட்டம். ஒரு மார்க். காளையார்கோவில் பக்கத்தில், உன் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லாவிட்டாலும், மதுரையில் பாதித் தூரம்கூட இருக்காது. நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகளைத் தேர்ந்தெடுத்து அங்கே விவசாய வேலைக்கு அனுப்புகிறார்கள். உன் சித்தப்பாவுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா, எத்தனை வருடம் முடிந்தால் கேட்கலாம், யாரிடம் மனு கொடுப்பது என்று இந்த ஆறு வருடத்தில் உன் வீட்டில் யாராவது விசாரித்தீர்களா? கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் பாடு. கேட்பது யார் பாடு? வரப்புச் சண்டைக்குப் போனவன் உழவுக்காரனாகத்தான் இருப்பான். அவனுக்கு நான்கு சுவரைவிட மண்வெட்டி நல்லது. ஒரு மார்க்குக்குப் படித்தது வீட்டுக்கு உதவாது என்று நினைத்தாயா?

பரோலும் அப்படித்தான். அப்பத்தா நாளைக்குப் படுத்துவிட்டால் அவசர விடுப்பு கேட்டு ஓட வேண்டியது வெளியே இருக்கிற நீங்கள்தான். 1982-லிருந்து அதற்கு விதிகள் இருக்கின்றன. அன்றைக்குப் போய், "மனு எப்படி எழுதணும்" என்று அலைந்தால் கொள்ளி வைப்பதற்குள் வந்து சேர மாட்டான்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். ஒரே இடம், ஷிஃப்ட் முறை என்று அந்த வேலையைப் பிடித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். வங்கி வேலைக்குச் சொல்கிற காரணம் மாதிரி இருக்கிறது. காலையில் பூட்டைத் திறந்து எண்ண வேண்டும், சாயந்திரம் எண்ணிப் பூட்ட வேண்டும், கணக்கில் ஒரு ஆள் குறைந்தால் சிறையே நின்றுபோகும். ராத்திரி டவரில் தூங்காமல் நிற்க வேண்டும். அதெல்லாம் பழகிவிடும். பழகாதது கேட் டியூட்டி. என்றைக்காவது ஒரு நாள் மனு போட்டு ஒரு கிழவி வருவாள், கையில் எவர்சில்வர் டப்பா இருக்கும். அதைத் திருப்பி அனுப்ப வேண்டியவன் நீ.

அனுப்பித்தான் ஆக வேண்டும். சோற்றுக்குள்ளும் பழத்துக்குள்ளும் கஞ்சாவையும் சிம்கார்டையும் ஒளித்துக் கொண்டுவருகிற ஆட்கள் இருக்கிறார்கள், பேப்பரில் நீயே படித்திருப்பாய். பாவமாக இருக்கிறதே என்று ஒரு டப்பாவை உள்ளே விட்டால், அடுத்த வாரம் ஒருவன் ஐந்நூறு ரூபாயோடு உன்னைத் தேடி வருவான். தடைசெய்த பொருளை உள்ளே விடுகிற அதிகாரிக்கும் 1894 சிறைச் சட்டத்தின் 42-வது பிரிவில் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு; பழைய சட்டம்தான், ஆனால் வேலை போக அது போதும். ஆக, முடியாது என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏய் கிழவி, எத்தனை வாட்டி சொல்றது" என்றும் சொல்லலாம். "ஆத்தா, ரூல்ஸ் விட மாட்டேங்குது, நீங்க கொண்டாந்தீங்கன்னு அவருக்குத் தெரியும், உள்ள போய்ப் பாருங்க" என்றும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல எந்த மையத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

உன் வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கிறது. 72 தடவை அந்த கேட்டில் நின்றவர். எந்தக் காவலர் தள்ளினார், எவர் உட்கார இடம் காட்டினார், எவர் தண்ணீர் கொடுத்தார், எவர் பெயர் எழுதும்போது முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். மாதம் ஒரு தடவை பஸ் ஏற்றிவிட்டாயே, ராத்திரி திரும்பி வந்ததும் ஒரு நாளாவது கேட்டாயா? நீ போகப்போகிற வேலையைப் பற்றி இந்த ஜில்லாவிலேயே அதிகம் தெரிந்த ஆளை வீட்டில் வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

வேலை கிடைத்தால் இன்னொன்றும் செய். சித்தப்பா இருக்கிற சிறையிலேயே உன்னைப் போட்டால், சேருகிற அன்றே கண்காணிப்பாளரிடம் எழுத்தில் கொடுத்துவிடு, இன்னார் என் உறவு என்று. சொல்லாமல் விட்டால் அதுவே உன் கழுத்துக்குச் சுருக்கு. கைதிகளில் எவனாவது கண்டுபிடிப்பான், கண்டுபிடித்த அன்றிலிருந்து நீ அவன் சொன்னபடி ஆடுவாய். வீட்டு ரகசியத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சிறைக்குள் வேலை பார்க்க முடியாது. ஊரில் யார் எந்தத் தெரு என்று பார்க்கிற பழக்கத்தையும் வாசலிலேயே கழற்றி வை. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டி வந்தது என்றால் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்.

முதல் விருப்பம் கொடுக்கலாமா என்று கேட்டாய். இப்போதைக்குக் கொடுக்காதே. கேட்டுக்கு வெளியே உறவுக்காரனாக நிற்கக் கூசுகிறவன் உள்ளே சாவியோடு நின்றால், ஒன்று கைதிகளை வெறுப்பான், இல்லை அவர்களுக்குப் பயப்படுவான். இரண்டு வகையிலும் அங்கே ஏற்கனவே ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த தடவை அப்பத்தா கிளம்பும்போது நீயும் ஏறு. டிக்கெட் இரண்டும் உன் காசு. முதல் நாள் ராத்திரி உருண்டை பிடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, சூடாக இருக்கிற பாதியை நீ பிடி. உன் ஆதாரையும் அவருடையதையும் எடுத்து வைத்துக்கொள். மனுவை நீ எழுது. உறவு முறை என்று கேட்கிற இடத்தில் "அண்ணன் மகன்" என்று தெளிவாக எழுது. அப்பாவையும் கூப்பிடு. வர மாட்டார். அவர் காதில் விழுகிற மாதிரி கூப்பிட்டுவிட்டுப் போ, அடுத்த மாதமும் கூப்பிடு.

உள்ளே போனதும் நீ பேச வேண்டாம், முதலில் அப்பத்தா பேசட்டும். திரும்பும்போது டப்பாவை நீ வாங்கிக்கொள். மேலூர் தாண்டினால் அவரே மூடியைத் திறந்து உனக்கு ஒன்று எடுத்துக் கொடுப்பார். அன்றைக்குச் சாப்பிடு. அதுவரை அந்த டப்பாவை உன் வீட்டில் யாரும் தொடக் கூடாது.